நவஹோ நிலத்தில் கயிறு காருக்குள்ளேயே இருக்கட்டும்

பாறை ஏறுகிற நம்மாட்கள் அமெரிக்கத் தென்மேற்குக்குப் பயணம் போடும்போது என்னிடம் தவறாமல் கேட்பது இது: "ஷிப்ராக் ஏறணும், பெர்மிட் எங்கே வாங்கறது?"

அப்படி ஒரு பெர்மிட்டே கிடையாது. ஷிப்ராக் நியூ மெக்சிகோவில் தனியாக நிற்கும் ஒரு பெரும் பாறை. அதற்கு மட்டுமல்ல இந்த நிலை. மானுமென்ட் வேலியின் தூண்கள், கேன்யன் டி ஷேயில் நிற்கும் ஸ்பைடர் ராக், கயென்டாவுக்குப் பக்கத்தில் உள்ள அகத்லா, ஏன், சாலையோரத்தில் பெயரே இல்லாமல் நிற்கிற பாறை வரைக்கும், நவஹோ பழங்குடியினரின் சுயாட்சிப் பகுதியான நவஹோ நேஷன் நிலம் முழுக்கப் பாறையேற்றத்துக்குத் தடை. அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா என்று மூன்று மாநிலங்களில் 70,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் விரிந்த நிலம் அது. தனி அரசாங்கம், தனி நீதிமன்றம், தனிப் போலீஸ், தனிப் பூங்காத் துறை எல்லாம் உண்டு. அந்தப் பூங்காத் துறை ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருக்கிறது: ஏறக் கூடாது.

நான் ஃபீனிக்ஸில் இருக்கிறேன். யூட்டாவில் மோவாப் பக்கம் ஏறப் போகும்போதெல்லாம் ஃப்ளாக்ஸ்டாஃப், டியூபா சிட்டி, கயென்டா என்று அந்த நிலத்தை நீளவாக்கில் கடந்துதான் போக வேண்டும். காரின் பின்பக்கம் நிறையக் கயிறும், பாறைப் பிளவில் செருகிக் கயிற்றை மாட்டுகிற கேம்களும். இரண்டு பக்கமும் உலகத்திலேயே அழகான பாறைகள். ஒன்றையும் தொடக் கூடாது. ஆரம்பத்தில் இது எரிச்சலாகத்தான் இருந்தது, மறைப்பதற்கு ஒன்றுமில்லை. இப்போது அந்தச் சாலையைக் கடப்பதே பயணத்தில் எனக்குப் பிடித்த பகுதி.

ஷிப்ராக்கைப் படத்தில் பார்த்தவர்களுக்குக்கூட அதன் அளவு பிடிபடாது. தட்டையான வெட்டவெளியில் சுமார் 480 மீட்டர் உயரத்துக்கு ஒரே எழும்பலாக நிற்கிறது. ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் வெடித்த எரிமலையின் தொண்டை அது. சுற்றியிருந்த மென்மையான படிவுகளெல்லாம் அரித்துப் போக, உள்ளே இறுகிய பகுதி மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதிலிருந்து மூன்று பெரிய கற்சுவர்கள் பிரிந்து சமவெளியில் ஓடுகின்றன. பூமி பிளந்த இடத்தில் குழம்பு புகுந்து உறைந்தவை. தினே மக்கள், அதாவது நவஹோக்கள், இதைச் சிறகுள்ள பாறை என்ற பொருளில் ட்ஸே பிட்டாஈ என்கிறார்கள்.

பாறையேற்ற வரலாற்றிலும் அதற்குப் பெரிய இடம் உண்டு. சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது. 1939 அக்டோபரில் கலிபோர்னியாவிலிருந்து வந்த டேவிட் ப்ரவர், பெஸ்டர் ராபின்சன், ராஃபி பெடெய்ன், ஜான் டயர் என்ற நால்வர் உச்சியைத் தொட்டார்கள். அமெரிக்கப் பாறையேற்றத்தில் பாறையைத் துளைத்து போல்ட் அடித்தது அங்கேதான் முதல்முறை என்பார்கள். 1956இல் ஸ்பைடர் ராக், 1957இல் மானுமென்ட் வேலியின் டோட்டம் போல் என்று அடுத்தடுத்து ஏறினார்கள். ஏறியவர்களின் குறிப்புகள், வழிகளின் படங்கள் எல்லாம் இன்றும் கிடைக்கின்றன. தேடுகிறவருக்கு முதலில் கண்ணில் படுவது வழிதான். தடை பற்றிய வரி கீழே எங்கோ கிடக்கும். 1970 மார்ச்சில் ஷிப்ராக்கில் ஒரு மோசமான விபத்து நடந்தது. அதையடுத்துத்தான் நிலம் முழுவதற்கும் தடை என்று நவஹோ நேஷன் திட்டவட்டமாக அறிவித்தது. ஆக, நம் கையில் கிடைக்கிற பழைய வழிக்குறிப்புகளில் பல தடைக்கு முந்தையவை. தடைக்குப் பிறகு எழுதப்பட்டவை திருட்டுத்தனமாக ஏறியவர்கள் எழுதியவை. இரண்டையும் நம்பிப் போக முடியாது.

ஓர் இலையுதிர் காலத்தில், என்னோடு கயிறு கட்டி ஏறுகிற தம்பி ஒருவருடன் அந்தப் பக்கம் போனேன். ஷிப்ராக் ஊரிலிருந்து தெற்கே 491ஆம் நெடுஞ்சாலையில் போய், மேற்கே திரும்பும் 13ஆம் சாலையில் கொஞ்ச தூரம் போனால், தெற்குக் கற்சுவரின் இடைவெளி வழியாகச் சாலை நுழைகிறது. அங்கே சாலையோரம் காரை நிறுத்தினோம். தம்பி பைனாகுலரை எடுத்துக்கொண்டார்.

"அண்ணா, அந்தப் பிளவுல போனா தோள்பட்டை வரைக்கும் சுலபமா போயிடலாம் போலிருக்கு."

"பார்க்கிறதோட நிறுத்திக்கோ."

"சும்மா கண்ணாலதானே ஏறுறேன்!"

எங்களுக்குப் பின்னால் ஒரு பழைய பிக்அப் வந்து நின்றது. பின்பக்கத்தில் கம்பிக்கூட்டுக்குள் பெரிய வெள்ளை பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி, அதன்மேல் வார் கட்டி இறுக்கியிருந்தது. தொட்டிக்கும் பக்கப் பலகைக்கும் நடுவில் இரண்டு நாய்கள் சொருகிக்கொண்டு படுத்திருந்தன. ஓட்டி வந்தவருக்கு எழுபது வயது இருக்கலாம். இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி, டயர் பஞ்சரா என்று கேட்டார். இல்லை என்றதும் எங்கள் காரின் பின்கண்ணாடி வழியே தெரிந்த ஹெல்மெட்டுகளைப் பார்த்தார்.

"ஏற வந்தவர்களா?"

"இங்கே இல்லை ஐயா. யூட்டாவில் ஏறப் போகிறோம். இது பார்க்க மட்டும்."

தலையசைத்தார். அப்புறம் அவர் பேசியது பெரும்பாலும் ட்ரோனைப் பற்றி. சில நாட்களுக்கு முன் யாரோ பறக்கவிட்டதில் அவருடைய ஆடுகள் கலைந்து ஓடி, பொழுது சாயும்வரை தேட வேண்டியதாகிவிட்டதாம். எந்தப் பக்கம் ஓடின என்பதை விரலால் காட்டாமல், உதட்டைக் குவித்து அந்தத் திசையில் நீட்டிக் காட்டினார். மழை பெய்தால் பாறைப் பக்கம் போகும் மண்சாலையில் கார் புதைந்துவிடும், இழுக்க ஆள் வராது, அதில் போகாதீர்கள் என்றார். தம்பி சும்மா இருக்காமல், இந்தப் பாறையைப் பற்றிக் கதை இருக்கிறதாமே என்று கேட்டார். பெரியவர் சிரித்தார். "அதெல்லாம் குளிர்காலத்தில் பேசுவது." அவ்வளவுதான். கை கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். நாம் பழகிய அழுத்தமான கைகுலுக்கல் இல்லை, லேசாகத் தொட்டு எடுப்பது. அங்கே அதுதான் மரியாதை. அழுத்திப் பிடித்துக் குலுக்குவது முரட்டுத்தனம்.

குளிர்காலத்தில் பேசுவது என்று அவர் சொன்னது தட்டிக்கழிப்பு இல்லை. தினே மரபில் பல கதைகளைப் பனி விழும் மாதங்களில்தான் சொல்வார்கள். முதல் இடி இடித்துவிட்டால் அவற்றுக்கான காலம் முடிந்தது. ஷிப்ராக் பற்றிப் பொதுவெளியில் சொல்லப்பட்டிருப்பதை மட்டும் இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். முன்னோர்களை வடக்கிலிருந்து சுமந்து வந்த பெரும் பறவைதான் அந்தப் பாறை என்று ஒரு கதை. மக்கள் ஒரு காலத்தில் அதன் உச்சியில் வாழ்ந்தார்கள், பயிருக்கும் தண்ணீருக்கும் மட்டும் இறங்கி வந்தார்கள். ஒருநாள் இடி விழுந்து பாதை தகர்ந்துபோக, மேலே இருந்த பெண்களும் குழந்தைகளும் அங்கேயே மாண்டார்கள் என்று இன்னொரு கதை. அவர்களுடைய ஆவிகளைக் கலைக்கக் கூடாது என்பது ஏறாமைக்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று.

நம்மவர்கள் இதைக் கேட்டதும், "ஓ, கோயில் மாதிரி, புரிஞ்சுது" என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு இந்த அவசரப் புரிதலில் உடன்பாடில்லை. புனிதம் என்ற ஒரே பெட்டிக்குள் எல்லாவற்றையும் போட்டு மூடினால், "இந்தப் பாறை புனிதம், பக்கத்துக் குட்டிப் பாறை புனிதமில்லையே, அதை ஏறலாமே" என்று அடுத்த கேள்வி வந்துவிடும். வந்திருக்கிறது, என்னிடமே கேட்டிருக்கிறார்கள். தடை அப்படிப் பார்த்துப் பார்த்துப் போடப்பட்டதில்லை.

மரணத்தைப் பற்றிய அவர்களுடைய பார்வை இதில் முக்கியமானது. ஒருவர் இறந்த இடத்தை விட்டு விலகுவது மரபு. ஹோகன் எனப்படும் வீட்டுக்குள் மரணம் நேர்ந்தால் அந்த வீட்டையே கைவிடுவது உண்டு. இப்போது யோசித்துப் பாருங்கள். வெளியூர்க்காரர் ஒருவர் பாறையிலிருந்து விழுந்து செத்தால், அவருடைய நண்பர்கள் உடலை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பிவிடுவார்கள். அந்தப் பாறையடியில் தலைமுறையாக ஆடு மேய்த்த குடும்பத்துக்கு அந்த இடம் ஆகாத இடமாகிவிடும். மீட்கப் போகிற உள்ளூர் ஆட்களும் சடலத்தைத் தொட வேண்டிவரும். அதற்குப் பிறகு சடங்கு செய்துகொள்ள வேண்டிய மனநிலையில் இருப்பார்கள். "என் உயிர், என் ரிஸ்க்" என்பது பாறை ஏறுகிறவர்கள் எல்லோரும் சொல்கிற வசனம். இந்த நிலத்தில் அது செல்லாது.

அப்புறம் மேய்ச்சல் உரிமைச் சமாச்சாரம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "தெரிஞ்சவங்க" சொல்லித் தருகிற குறுக்குவழி இதுதான். "பூங்காத் துறை வேண்டாம்னுதான் சொல்லும், அந்தப் பாறை யாரோட மேய்ச்சல் நிலத்துல இருக்கோ அவங்ககிட்டப் போய்க் கேளு, சரின்னு சொன்னா ஏறிடலாம்." பல ஆண்டுகளாக ஏறுபவர்களிடையே வாய்வழியாக ஓடுகிற யோசனை இது. இப்படி அனுமதி வாங்கி ஏறியவர்களும் இருக்கிறார்கள்.

நவஹோ நேஷனில் பெரும்பாலான நிலம் தனியாருக்குச் சொந்தமில்லை. அமெரிக்க அரசு அந்த மக்களின் பெயரில் பொறுப்பில் வைத்திருக்கும் நிலம் அது. குடும்பங்களிடம் இருப்பது வீட்டுமனைக் குத்தகையும் மேய்ச்சல் பெர்மிட்டும்தான். மேய்ச்சல் பெர்மிட் என்றால் மேய்க்கலாம். பாறை ஏற அனுமதி கொடுக்கும் அதிகாரம் அந்தக் காகிதத்தில் இல்லை. அந்தக் காகிதத்துக்கே ஒரு கசப்பான வரலாறு உண்டு. 1930களில், நிலம் அரிக்கிறது என்று சொல்லி, அமெரிக்க அரசு நவஹோக்களின் ஆடுகளையும் குதிரைகளையும் பெரும் எண்ணிக்கையில் பிடுங்கியும் கொன்றும் குறைத்தது. அதன் தொடர்ச்சியாகத்தான் இத்தனை தலைக்கு மேல் வளர்க்கக் கூடாது என்ற வரம்போடு பெர்மிட் வந்தது. அப்படிப்பட்ட ஒரு பெர்மிட்டைக் கையில் வைத்திருக்கும் ஒரு பாட்டியின் வாசலில் போய் நின்று, நாலு கயிற்றுச் சுருளையும் சிரித்த முகத்தையும் காட்டி, "ஏறிக்கட்டுமா பாட்டி?" என்று கேட்பதை நினைத்துப் பாருங்கள். வந்தவரிடம் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்வது அவருக்குச் சங்கடம். சரி என்று சொன்னால் அக்கம்பக்கத்தாருக்கும் தன் அரசாங்கத்துக்கும் பதில் சொல்ல வேண்டியவர் அவர். நாம் ஏறிவிட்டுப் போய்விடுவோம். பணம் கொடுத்துக் கேட்பது இன்னும் மோசம். அனுமதி கேட்பதே மரியாதை என்று நினைக்கிறோம். கேட்கக் கூடாததைக் கேட்காமல் இருப்பதும் மரியாதைதான்.

தம்பி என்னோடு வழியெல்லாம் வாதாடினார். வயோமிங்கில் டெவில்ஸ் டவரும் பல பழங்குடிகளுக்குப் புனிதமானதுதான், அங்கே ஏற விடுகிறார்களே என்றார். உண்மைதான். அங்கே 1995 முதல் ஜூன் மாதத்தில் ஏற வேண்டாம் என்று தேசியப் பூங்காத் துறை கேட்டுக்கொள்கிறது, கட்டாயமில்லை. நெவாடாவில் டாஹோ ஏரிக்கரையில் உள்ள கேவ் ராக்கில் வாஷோ மக்களுக்காக வனத்துறை ஏறுவதை முற்றிலும் தடுத்தது. வழக்கு போட்டும் 2007இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடையை உறுதிசெய்தது. ஆஸ்திரேலியாவின் உலுரு 2019 அக்டோபரில் மூடப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் சட்டம் வேறு. டெவில்ஸ் டவரும் கேவ் ராக்கும் அமெரிக்க அரசின் நிலம், அதனால் அங்கே இழுபறிக்கு இடமிருந்தது. நவஹோ நேஷனில் நிலம் யாருடையதோ அவர்களே முடிவெடுத்துவிட்டார்கள். காரணம் நமக்கு முழுதாக விளங்கினால்தான் கீழ்ப்படிவோம் என்பது விருந்தாளி பேசுகிற பேச்சில்லை.

இன்னொன்றையும் அவரிடம் சொன்னேன். 1944 முதல் 1986 வரை அந்த நிலத்திலிருந்து ஏறத்தாழ 3 கோடி டன் யுரேனியத் தாது தோண்டி எடுக்கப்பட்டது. கைவிடப்பட்ட சுரங்கங்கள் 500க்கு மேல் இன்றும் கிடக்கின்றன. ஷிப்ராக் ஊரிலேயே பழைய யுரேனிய ஆலையின் கழிவை மூடிய மேடு ஒன்று சான் வான் ஆற்றை ஒட்டி இருக்கிறது. வெளியாட்கள் வந்து பாறையைத் துளைத்ததன் விலையை அந்த ஊர் ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்கிறது. ஒரு போல்ட் துளை அதற்குச் சமமில்லைதான், ஆனால் வெளியிலிருந்து வருகிறவனின் "சும்மா ஒரு ஓட்டைதானே" அவர்கள் காதில் எப்படி விழும்?

சரி, அப்போ எங்கே ஏறுவது? இடத்துக்குப் பஞ்சமே இல்லை. மோவாபுக்குப் பக்கத்தில் காஸில்டன் டவர் இருக்கிறது. 1961இல் லேட்டன் கோரும் ஹன்ட்லி இங்கல்ஸும் முதலில் ஏறிய வழி இன்றும் அதில் பிரபலம். தூண் ஏறும் ஆசை தீர அது போதும். தெற்கே இந்தியன் க்ரீக்கில் விங்கேட் மணற்கல் சுவர்களில், அளவெடுத்து வெட்டியதுபோல் நேர்கோட்டுப் பிளவுகள். கையை உள்ளே விட்டு, கட்டைவிரலை உள்ளங்கைக்கு மடக்கி முறுக்கினால் மேலே போகலாம். புறங்கைத் தோல் உரியும், டேப் சுற்றாமல் போகாதீர்கள். ஒரே அளவு கேம் ஆறு ஏழு தேவைப்படும் வழிகள் உண்டு, எனவே நண்பர்களிடம் கடன் வாங்கிச் சேர்த்துக்கொண்டு போங்கள்.

ஆனால் அங்கேயும் "பொது நிலம்தானே" என்று இறங்கிவிட முடியாது. இந்தியன் க்ரீக் இருப்பது பேர்ஸ் இயர்ஸ் தேசிய நினைவுச்சின்னப் பகுதிக்குள். ஹோப்பி, நவஹோ, யூட், யூட் மவுன்டன் யூட், ஜூனி என்ற ஐந்து இனத்தார் சேர்ந்து கேட்டு 2016 டிசம்பரில் அறிவிக்கப்பட்டு, 2017இல் வெட்டிச் சுருக்கப்பட்டு, 2021இல் மீட்கப்பட்டது. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பருந்து, கழுகு வகைகள் கூடு கட்டும் சில சுவர்களைத் தவிர்க்கச் சொல்வார்கள். எந்தச் சுவர்கள் என்று கிளம்பும் முன் பாருங்கள். மழை பெய்தால் மணற்கல் ஈரத்தில் வலுவிழக்கும். மேலே காய்ந்ததுபோலத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும், பிடிமானம் உடைந்து கையோடு வரும், கேம் பிய்த்துக்கொண்டு வரும். அடிவாரத்து மணலைத் தோண்டிப் பார்த்து அது ஈரமாக இருந்தால், அன்றைக்கு ஊர் சுற்றப் போய்விடுவது நல்லது. எங்களுக்கு அப்படி ஒருமுறை மழையில் மாட்டி, கயிற்றைத் தொடாமலே திரும்ப வேண்டியிருந்தது. தம்பிக்குக் கோபம் மழைமேல்.

பாறையில் கீறல் சித்திரங்கள் எங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது. 2021இல் மோவாபுக்கு வடக்கே ஒருவர் பழங்காலக் கீறல்களின் மேலேயே போல்ட் அடித்து வழி போட்டுப் பெரிய சர்ச்சையானது. சுவரின் அடியில் கொஞ்சம் நடந்து, கண்ணைக் கூர்மையாக்கி, இருட்டான பளபளப்புப் படலத்தில் வெளிறிய கோடு ஏதாவது தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நாங்கள் கயிற்றை அவிழ்ப்போம். தெரிந்தால் வேறு வழி. விரலால் தடவிப் பார்ப்பதும் வேண்டாம், கையின் எண்ணெய் அதைக் கெடுக்கும்.

நவஹோ நிலத்தைப் பார்க்கப் போகிறவர்களுக்கும் சில விஷயங்கள். மானுமென்ட் வேலி 1958 முதல் நவஹோக்களின் சொந்தப் பூங்கா. அமெரிக்கத் தேசியப் பூங்கா பாஸ் அங்கே செல்லாது. 27 கிலோமீட்டர் மண்சாலையை நம் காரிலேயே சுற்றலாம், மேற்கு மிட்டன் என்ற பாறையைச் சுற்றி வரும் வைல்ட்கேட் பாதையில் தனியாக நடக்கலாம். மற்ற இடங்களுக்கு உள்ளூர் வழிகாட்டி வேண்டும். வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணத்தைப் பற்றிப் புலம்புகிறவர்களைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. 1997 ஆகஸ்டில், நவஹோ நிலத்திலேயே உள்ள ஆன்டலோப் கேன்யன் என்ற குறுகிய பள்ளத்தாக்கில், எங்கோ தூரத்தில் பெய்த மழையின் வெள்ளம் புகுந்து 11 பேர் செத்துப்போனார்கள். மேலே வானத்தைப் பார்த்துச் சொல்லத் தெரிந்த ஆள் கூட இருப்பது சும்மா இல்லை.

ஸ்பைடர் ராக்கை மேலே விளிம்பிலிருந்து பார்க்கலாம், கேன்யன் டி ஷேயின் தெற்கு விளிம்புச் சாலை முடிகிற இடம். சுமார் 230 மீட்டர் உயரமான இரட்டைத் தூண். தினே மக்களுக்கு நெசவைக் கற்றுக்கொடுத்த சிலந்திப் பெண் குடியிருக்கும் இடம். கீழே பள்ளத்தாக்கில் குடும்பங்கள் வாழ்கின்றன, சோளம் விளைகிறது, ஆகவே டெலிபோட்டோ லென்ஸை அவர்கள் வீட்டுப் பக்கம் திருப்பாதீர்கள். ஆட்களைப் படம் எடுக்கக் கேட்டுவிட்டு எடுங்கள். ட்ரோன் தடை. மது வைத்திருப்பதே தடை, முகாமுக்கு வாங்கிய பியரோடு எல்லைக்குள் நுழையாதீர்கள். சாலையோரக் கடைகளில் பொரித்த ரொட்டியும் ஆட்டுக்கறியும் கிடைத்தால் நிறுத்திச் சாப்பிடுங்கள், ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, கடிகாரம். அரிசோனாவில் கோடைநேர மாற்றம் கிடையாது, ஆனால் அரிசோனாவுக்குள் இருக்கும் நவஹோ நேஷனில் உண்டு. அதற்கு நடுவில் இருக்கும் ஹோப்பி நிலத்தில் மறுபடி கிடையாது. மார்ச்சிலிருந்து நவம்பர் வரை ஃபீனிக்ஸிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு மணி நேரம் காணாமல் போகும், போன் எந்த டவரைப் பிடிக்கிறதோ அதற்கேற்ப முன்னும் பின்னும் தாவும். டூருக்குப் பதிவு செய்திருந்தால், "உங்க ஊர் நேரம் இப்போ எத்தனை?" என்று போன் போட்டுக் கேட்டுவிட்டே கிளம்புங்கள்.